எழுவாய் ஆகாத சொல்

விழுப்புரம்
8-6-2025

அன்புள்ள செல்விக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். அத்தை வாங்கிக் கிழித்துப் போடாமல் இருந்தால் சரி.

நீ பையோடு கிளம்பியபோது நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "செல்வி ஊருக்குப் போயிட்சிடா. மூஞ்சே சரியில்ல. இன்னாடா சொன்ன அத?" "ஒண்ணும் சொல்லல" என்றேன். சொல்லாததுதான் குற்றம் என்று பிறகு புரிந்தது. அன்று ராத்திரி போனில் நீ என்னை முடிக்க விடவில்லை. இப்போது முழுதாகச் சொல்கிறேன், குறுக்கே பேச முடியாது.

வெர்தா நம் இரண்டு பேருக்குமான பாஷை. கல்யாணமான புதிதில் அந்த ஒற்றை அறையில், புடவைத் திரைக்கு அந்தப் பக்கம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் நாம் பேச ஒரு மறைவு தேவைப்பட்டது. பாதிரியார் படிப்பைப் பாதியில் விடும்முன் செமினரியில் நான் கற்ற லத்தீனையும் கிரேக்கத்தையும் தோண்டி அவற்றுக்கும் முந்தைய வேர்களை எடுத்தேன். அந்தக் குடும்பத்தில் பிறந்திருக்கக்கூடிய, ஆனால் உலகத்தில் இல்லாத ஒரு தங்கச்சி மொழி. பெயர்ச்சொல் எல்லாம் நான், வினைச்சொல் எல்லாம் நீ. ஆறு வருஷம் அதில் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். பழைய மாணவன் ஒருவன் மூலம் அந்த வெப் சீரிஸ் கம்பெனி நம்மைத் தேடி வந்தபோது நீயும்தான் சந்தோஷப்பட்டாய்.

டைரக்டர் ராஜாமணி கேட்டது ஒன்றே ஒன்று. அவருடைய கதையில் ஒரு பழைய ராஜ்ஜியம், அதில் அடிமைகள். பாஷையிலேயே அவர்கள் கீழே இருப்பது கேட்க வேண்டும் என்றார். யோசித்தேன். வெர்தாவில் 'வெர்கோஸ்' என்றால் உழைக்கிறவன். 'வெர்கோம்' என்றால் உழைக்கிறவனை. நான் செய்தது சின்ன மாற்றம்: அந்த ராஜ்ஜியத்தில் அடிமைக்கு வெர்கோஸ் என்ற வடிவமே கிடையாது. அவன் வந்தாலும் வெர்கோம், அவனை அடித்தாலும் வெர்கோம். கல் மாதிரி, மண்வெட்டி மாதிரி அஃறிணை. அவனை யாரும் எதுவும் செய்யலாம். அவன் எழுவாயாக நின்று எதையும் செய்ய முடியாது. அவனுக்கு 'நான்' என்று சொல்லும் வினைமுற்று இல்லை. ஒரே ஓர் எழுத்து மாற்றத்தில் ஒரு ராஜ்ஜியத்தின் கொடுமை முழுக்க வந்துவிட்டது செல்வி. இதைவிட நல்ல இலக்கணம் நான் எழுதியதில்லை.

அனுப்பும்போது இரண்டு பேர் பெயரும் போட்டேன். உன் பெயரை விட்டால்தானே தப்பு?

படப்பிடிப்பு செஞ்சி போகும் வழியில் ஒரு குன்றடியில் ஆரம்பிக்கிறது. நடிகர்களுக்கு உச்சரிப்பு சொல்லித்தரக் கூப்பிட்டிருக்கிறார்கள். வினைச்சொல்லை நீதான் சரியாகச் சொல்வாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போகட்டுமா?

உன்
பிரவீன்

*

திண்டிவனம்
12-6-2025

பிரவீனுக்கு,

வராதீர்கள்.

அம்மா கிழிக்கவில்லை. "ஒம் புருசன் எழுதிகிறாரு" என்று டிவி மேல் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் நான்தான் தொடவில்லை.

என் பெயரைப் போட்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். 'டியர் பிரவீன் அண்ட் செல்வி, ஃபேன்டாஸ்டிக்' என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்த பிறகுதான் நான் என்ன எழுதினேன் என்பதே எனக்குத் தெரிந்தது. அடுப்பில் கேப்பைக்கூழ் கிண்டிக்கொண்டே படித்தேன். ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம், நான் சொல்லித்தான் செய்தீர்களோ என்று. அப்படி என் வாய்க்குள் பேசியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. நீங்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. ஒலக்கூர் பக்கம் அம்மா மல்லாட்டைக் கொல்லைக்குக் கடலை பிடுங்கப் போன காலத்தில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். பெரிய வீட்டு அய்யா வரப்பில் நின்றுகொண்டு மேஸ்திரியைக் கேட்பார்: "அது வந்துகிதா?" மேஸ்திரி சொல்வார்: "வந்துகிதுங்க." அம்மா பக்கத்திலேயே குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருப்பாள். தலை தூக்க மாட்டாள். இந்த இலக்கணத்தை நான் பாவாடை கட்டிய வயதிலேயே படித்துவிட்டேன். அதற்கு செமினரி தேவைப்படவில்லை.

வெர்தாவை நான் ஏன் விரும்பினேன் தெரியுமா? தமிழில் நான் உங்களை நீங்கள் என்கிறேன், நீங்கள் என்னை நீ என்கிறீர்கள். அதில் தப்பில்லை, ஊரில் எல்லாரும் அப்படித்தான். ஆனால் வெர்தாவில் நமக்கு ஒரே சொல், 'தூ'. நான் உங்களுக்குத் தூ, நீங்கள் எனக்குத் தூ. கறிக்கு உப்பு போதவில்லை என்று நீங்கள் வெர்தாவில் சொன்னால் எனக்குக் கோபம் வராது, தமிழில் சொன்னால் வரும். உலகத்திலேயே படிக்கட்டு இல்லாத ஒரே வீடு அது. அதில் கொண்டுபோய்ப் படி கட்டினீர்கள். கட்டிவிட்டு, என்ன அழகான படி என்று கடிதம் எழுதுகிறீர்கள்.

அந்த வடிவத்தை எடுத்துவிட்டேன் என்று எழுதுங்கள், பேசலாம்.

செல்வி

*

விழுப்புரம்
29-6-2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்துக்கு மனசுக்குள் பல பதில் எழுதினேன். எல்லாம் சண்டையாகவே வந்தது. இதுவும் சண்டைதான், பொறுத்துக்கொள்.

நான் கண்டுபிடிக்கவில்லை என்றாய். சரிதான். லத்தீனில் அடிமைக்கு 'மன்சிப்பியும்' என்று ஒரு சொல். அஃறிணை. கிரேக்கத்தில் 'அந்த்ரபொதோன்', மனிதக் கால் உள்ளது என்று அர்த்தம், கால்நடைக்கு நாலு கால் உள்ளது என்ற சொல் இருப்பதுபோல. அதுவும் அஃறிணை. ஃபாதர் இதைச் சாதாரணமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனார். நான் அந்தச் சொல்லையே நோட்டில் திரும்பத் திரும்ப எழுதினேன். என் அப்பாவை விழுப்புரம் கூட்ஸ் ஷெட்டில் யாரும் பாக்கியசாமி என்று கூப்பிட்டதில்லை. 'ஏய், சேப்பு சட்டை.' அந்தச் சட்டை கிழிந்து பச்சைச் சட்டை போட்ட பிறகும் சேப்பு சட்டைதான். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? தெரிந்ததால்தான் எழுதினேன். கொடுமையைக் காட்டுவதற்குக் கொடுமையின் இலக்கணம் வேண்டாமா? கத்தியை வரைந்தவன் குத்தினவனா?

இன்னொன்றும் கேட்கிறேன். என் அம்மா உன்னை 'அது சாப்ட்டுச்சா', 'அத திட்டாதடா' என்றுதானே சொல்கிறாள்? அதில் பாசம் இல்லையா?

போகட்டும். படப்பிடிப்பு ஆரம்பித்துவிட்டது. அடிமைகளாக நடிக்கச் சுற்று ஊர்களிலிருந்து ஆட்களை வேனில் ஏற்றி வருகிறார்கள். எல்லாரும் மல்லாட்டைக் கொல்லைக்கும் நடவுக்கும் போகிறவர்கள். முகத்தில் கரி பூசி வரிசையாக நிறுத்துகிறார்கள். பிரபு வேஷக்காரர் குதிரையிலிருந்து "வெர்கோம், ஸ்தா!" என்று கத்த வேண்டும். வேலை செய்வது, நில்! உடனே எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும். நான் மெகாபோனில் சொல்லிக் காட்டினேன். முத்துசாமி என்று ஒருவர், ஐம்பது வயசிருக்கும், கிட்டே வந்தார்.

"சார், எங்களுக்கு டயலாக்கு கிடையாதுங்களா?"

"இல்லீங்க. உங்க கேரக்டருக்குப் பேச்சு இல்ல."

"ஊமைங்களா?"

"ஊமை இல்ல. பேசறதுக்கு அவங்களுக்கு வார்த்தை இல்ல."

அவர் திரும்பி மனைவியிடம் கத்தினார். "ஏ அம்சவள்ளி, ஒனக்கு வாயி கிடையாதாம்! இன்னிக்கி ஒரு நாளாச்சும் நான் நிம்மதியாக் கீறேன்." அந்தம்மா ஏதோ பதில் சொல்ல, வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வடிவத்தை எடுக்க முடியாது செல்வி. எல்லா வசனமும் அதில்தான் நிற்கிறது.

பிரவீன்

*

திண்டிவனம்
5-7-2025

பிரவீனுக்கு,

உங்கள் அம்மா என்னை அது என்பார். பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பற்றி ஏதோ சொன்னபோது "அவங்க காலேஜ் வாத்தியாரு, பாத்துப் பேசு" என்றும் அவரே சொன்னார். அவங்க என்று சொல்லத் தெரிந்தவர் அது என்றால் அது பாசம். அவங்க என்ற சொல்லே இல்லாத இடத்தில் அது என்றால் அதற்கு வேறு பெயர்.

இந்தச் சண்டை என்னை வேலை செய்யவிடவில்லை. கல்லூரி திறந்துவிட்டது. வகுப்பில் நின்று நன்னூல் புணர்ச்சி விதி நடத்திக்கொண்டே இருக்கிறேன், மனசு வெர்கோமில் நிற்கிறது. பஸ்ஸில், குளிக்கிற இடத்தில், எங்கும் அதே. எடுக்க முடியாது என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் ஒன்று சேருங்கள்.

ஹிட்டைட்டு என்று ஒரு பழைய மொழியைப் பற்றி நீங்கள்தான் சொன்னீர்கள். அதில் அஃறிணைப் பொருள் ஒன்று தானாக ஒரு வேலையைச் செய்தால், அதற்கென்று ஒரு விகுதி ஒட்டவேண்டும் என்று. நெருப்பு காட்டைத் தின்றது என்றால் அந்த நெருப்புக்கு ஒரு வால். வெர்தாவிலும் அதை வைக்கிறேன். 'ஆந்த்'. வெர்கோம் என்பது அவர்கள் வைத்த பெயர். 'வெர்காந்த்' என்பது அடிமைகள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்வது. செய்கிறவர். அதோடு என் வினைமுற்று ஒன்றைச் சேருங்கள், 'ஏஸ்மி'. வெர்காந்த் ஏஸ்மி. செய்கிறவர் நான், இருக்கிறேன்.

ஒரே ஒரு காட்சியில் ஒரே ஒருவர் இதைச் சொன்னால் போதும். ராஜாமணியிடம் கொடுங்கள். நானே எழுதியது, என் பெயரைப் போட்டே கொடுங்கள்.

இது சமாதானம் இல்லை. இலக்கணம்.

செல்வி

*

விழுப்புரம்
27-7-2025

அன்புள்ள செல்விக்கு,

வீட்டில்தான் இருக்கிறேன். படப்பிடிப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் விதியை ராஜாமணியிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். கண் பளபளத்தது. "செம ட்விஸ்ட் சார் இது! இத இப்ப வேஸ்ட் பண்ணக்கூடாது. சீசன் டூவுக்கு வச்சிக்கலாம். சீசன் ஒன்ல அவங்க ஃபுல்லா சைலன்ட்." நான் வாதாடினேன். தோளைத் தட்டிவிட்டு மானிட்டர் பக்கம் போய்விட்டார்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரம். புரொடக்‌ஷன் மேனேஜர் நடராசன் கையை நீட்டிப் பிரிக்கிறார்: "டெக்னீஷியன், ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் இங்க. வெர்கோமெல்லாம் அந்த லைனு." யூனிட் முழுக்கச் சிரிப்பு. பார்த்தால், நான் கவனிக்கவில்லையே தவிர, பல நாளாக அப்படித்தான் நடந்திருக்கிறது. லைட்மேன் தன் உதவியாளைக் கூப்பிடுகிறான், வெர்கோம். மேக்கப் வேனில் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்கள், வெர்கோம். வசனத்தில் இல்லை செல்வி, சாம்பார் வாளி பக்கத்தில். யாரும் சொல்லித்தராமலே எல்லாரும் சரியான இடத்தில் சரியாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு பாஷைக்கு உயிர் வந்துவிட்டது என்று இதைத்தான் சொல்வார்கள். நம் வெர்தாவில் முதலில் உயிர் வந்த சொல் அது.

நான் தட்டை எடுத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றேன். "சார், உங்க சாப்பாடு கேரவன் பக்கம்" என்றார் நடராசன். எனக்கு முன்னால் நின்ற அம்சவள்ளியும் "நீங்க அங்க போங்க சார், இங்க கறி வராது" என்றது. தட்டை மேசையில் திருப்பி வைத்துவிட்டேன்.

புளியமரத்தடியில் அவர்கள் உட்கார்ந்திருந்தபோது போய் உட்கார்ந்தேன். வெர்கோம் என்றால் என்ன என்று சொன்னேன். முத்துசாமி வெற்றிலை மென்றுகொண்டே கேட்டார். "இதவிடப் பேஜாரெல்லாம் கேட்டுகிறோம், வுடுங்க சார்" என்றார். பிறகு உன் வாக்கியத்தைச் சொன்னேன், அர்த்தமும் சொன்னேன். அம்சவள்ளி வாய்க்குள் சொல்லிப் பார்த்தது. பிறகு சத்தமாகச் சொன்னது. பக்கத்திலிருந்தவர்களும். "இத்த வுட்டுட்டு ஏன் சார் எங்கள சும்மா நிக்க வச்சீங்க?" என்றார் முத்துசாமி.

"சொன்னா டைரக்டர் திட்டுவாரு. என்னத்தான் திட்டுவாரு, உங்கள இல்ல. ஆனா சொல்லணும்னு கட்டாயம் இல்ல" என்றேன்.

அடுத்த ஷாட். பிரபு வேஷக்காரர் குதிரையில் வந்து கத்தினார். "வெர்கோம், ஸ்தா!" பிறகு கடைசி வரிசையிலிருந்து அம்சவள்ளி குரல், "வெர்காந்த் ஏஸ்மி!" உடனே முத்துசாமி. உடனே எல்லாரும். ஒன்றாகக்கூட இல்லை, முன்னும் பின்னும், ஆளுக்கொரு உச்சரிப்பில். குதிரை மிரண்டு இரண்டடி பின்வாங்கியது. நான் செமினரியில் எத்தனையோ கூட்டு ஜெபம் கேட்டிருக்கிறேன், உடம்பு இப்படிச் சிலிர்த்ததில்லை.

"கட்! கட்! யாரு சொல்லிக் குடுத்தது இத?"

கையைத் தூக்கினேன். மேலே எழுத ஒன்றுமில்லை. பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றேன். குன்றுக்கு அந்தப் பக்கம் ரீடேக் நடந்தது. பிரபுவின் குரல் நன்றாகக் கேட்டது, "வெர்கோம், ஸ்தா!" காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பஸ் வரும்வரை இல்லை.

பிரவீன்

*

விழுப்புரம்
24-8-2025

செல்வி, பதில் இல்லையே? டீஸர் வந்துவிட்டது. பார்க்காதே. ரீடேக் காட்சியைத்தான் வைத்திருக்கிறார்கள்.
பி.

*

திண்டிவனம்
2-9-2025

பிரவீனுக்கு,

உங்கள் கார்டு வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை, அது என்னைத் தேடி வந்தது.

எங்கள் கல்லூரியில் வராண்டா கூட்டுகிற வீரம்மாள் அக்காவை உங்களுக்குத் தெரியும், நம் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் அதிகாரம் செய்தவர். அன்று நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்த பையன்கள், கையை உயர்த்தி, டீஸரில் வருகிற அதே குரலில், "வெர்கோம், ஸ்தா!" என்று கத்தினார்கள். வீரம்மாள் அக்கா குப்பைக் கூடையோடு போய்க்கொண்டிருந்தவர், நின்றுவிட்டார். ஏதோ தன்னிடம் கேட்கிறார்கள் என்று நினைத்து, சிரித்த முகமாகத் திரும்பி, "இன்னாபா?" என்றார். அவர்களுக்கு ஒரே சிரிப்பு. நிஜமாகவே நின்றுவிட்டாரே! மறுபடி கத்தினார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வெர்கோம் உங்களுடையது. ஸ்தா என்னுடையது. நம் வீட்டில் பால் பொங்கி வரும்போது அடுப்பைப் பார்த்து ஸ்தா, ஸ்தா என்று நான் கத்துவேன், நீங்கள் ஓடி வருவீர்கள். அந்தச் சொல்தான் அக்காவை நிறுத்தியது. என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டுவிட்டீர்கள் என்று இத்தனை நாள் கத்தினேன். படிக்கட்டில் நின்றபோது எனக்குத் தோன்றியது, கேட்டிருந்தாலும் அந்த ஸ்தாவை நான் கொடுத்திருப்பேன். அப்போது அது வெறும் 'நில்'தானே.

பகல் இடைவேளையில் அக்காவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன், சீ. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"நீ கட்டுன வார்த்தையா அது?"

"நானும் அவரும், அக்கா."

"அப்ப அவனுங்ககிட்டப் போயி சொல்லு. எங்கிட்டச் சொல்லி அழுது இன்னா ஆவப்போவுது?"

போனேன். வகுப்பில் பாடத்தை மூடி வைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்று விளக்கினேன். அதை உண்டாக்கியதில் நானும் ஒருத்தி என்றும் சொன்னேன். வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். கை தட்டினார்கள், பிரவீன். "மேடம், நீங்களா? செம மேடம்! இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லிக் குடுங்க மேடம்!" ஒரு பெண் செல்ஃபி கேட்டாள். ஒரே ஒரு பையன் மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் சொந்த ஊர் கிளியனூர், அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்குப் போகிறவர்கள். கை தட்டாதவன் அவன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. அம்மா கேட்டாள், "இன்னாடி, பூனை மாதிரி சுத்திக்கினே கீற?"

குன்றடியில் நீங்கள் செய்ததைப் படித்தேன். பல தடவை. அன்றைக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்தால் ரோட்டில் நின்று நீங்கள் கேட்ட அந்தச் சத்தமில்லாமைதான் எனக்கும் கேட்டது. நன்றாகச் செய்தீர்கள் என்று எழுதினால் பொய், தப்பு என்று எழுதினாலும் பொய்.

செல்வி

*

விழுப்புரம்
4-11-2025

அன்புள்ள செல்விக்கு,

இத்தனை வாரம் எழுதாததற்குக் காரணம் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்பு முடிந்ததும் ஜங்ஷனுக்குப் போய்ப் பாலத்தின் மேல் நின்று ரயில்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன். அம்மா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள். "அது வராத வூட்ல எனக்கு இன்னா பேச்சு" என்கிறாள்.

கம்பெனி வக்கீல் கடிதம் அனுப்பியிருக்கிறார். நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி வெர்தா இனி அவர்களுடையது. வேறெங்கும் எழுதவோ வெளியிடவோ கூடாது. வீட்டில் பேசலாமா என்று அதில் இல்லை. பேச ஆளும் இல்லை.

கூடவே ராஜாமணி போனில் பேசினார். சண்டையெல்லாம் மறந்துவிட்டாராம். இரண்டாவது சீசன் எழுதுகிறார்களாம், உன் 'ஆந்த்' விதி வேண்டுமாம். அது ஒப்பந்தத்துக்குப் பிறகு நீ தனியாக எழுதியது, ஆகவே உன் கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது என்று அவர்கள் வக்கீலே சொல்லிவிட்டார். உன் பெயர் தனியாக டைட்டிலில் வருமாம். "சார், மேடத்த நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்றார். நான் மேடத்தின் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

கையெழுத்துப் போடு என்றும் சொல்ல மாட்டேன், போடாதே என்றும் சொல்ல மாட்டேன். ஜூன் மாசத்தில் உன்னைக் கேட்காமல் அனுப்பியது தப்பு. அன்றைக்கே தப்பு. படமெடுத்த பிறகு தப்பானது இல்லை.

உன்னைப் பார்க்க வேண்டும் செல்வி. எந்தப் பாஷையில் என்ன பேசுவது என்று தெரியாமலே வருகிறேன். வரட்டுமா?

பிரவீன்

*

திண்டிவனம்
16-11-2025

அன்புள்ள பிரவீனுக்கு,

ராஜாமணி கூப்பிட்டார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: அன்றைக்கு அவர்கள் பேசிய அந்த முதல் ஷாட் இருக்கிறதா?

"இருக்குங்க மேடம். ஆனா யூஸ் பண்ண முடியாது. ஆளுக்கு ஒண்ணு கத்தறாங்க, குதிரை வேற கன்ட்ரோல்ல இல்ல. சீசன் டூல அத ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட் சொல்லுவாரு மேடம், சும்மா தூக்கிடும்."

"அப்ப என் கையெழுத்து கிடையாதுங்க."

"மேடம், உங்க பேரு டைட்டில்ல வருது..."

"அதுவும் வேணாங்க."

போனை வைத்துவிட்டுக் காலையில் கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினேன். சரியாகத்தான் செய்தேனா என்று இன்னும் தெரியவில்லை. ஒரு பெரிய நடிகர் சொன்னாலும் நாலு பேர் காதில் விழுந்திருக்குமே, அதையும் கெடுத்துவிட்டேனோ என்று உள்ளுக்குள் அரிக்கிறது. நீங்கள் வந்து இதற்கு என்னோடு சண்டை போடலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வாருங்கள். அம்மா கோழிக்குச் சொல்லிவைத்துவிட்டாள், முகத்தை மட்டும் தூக்கி வைத்திருப்பாள், கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவருக்கு முன்னால் தமிழிலேயே சண்டை போடுவோம், திரை வேண்டாம்.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். செஞ்சியில் எனக்குத் தேர்வுப் பணி. சாயங்காலம் திண்டிவனம் பஸ்ஸில் நிற்க மட்டும் இடம் கிடைத்தது. பின்வாசல் பக்கம் கூடைகளோடு ஒரு பெண்கள் கூட்டம். பஸ் பாதி வழி வந்திருக்கும், கண்டக்டர் முன்னாலிருந்து குரல் கொடுத்தார். "தீவனூர்! தீவனூர் யாரும்மா கீறீங்க?"

பின்னாலிருந்து ஒருத்தி, "ஏஸ்மி!"

இன்னொருத்தி, "ஏஸ்மி!" பிறகு வரிசையாக, சிரிப்பும் கூச்சலுமாக.

கம்பியைப் பிடித்திருந்த என் கை நழுவிவிட்டது. பக்கத்தில் நின்ற கூடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன், அது என்ன வார்த்தை என்று. "அதா? ஷூட்டிங்ல ஒரு சாரு சொல்லிக் குடுத்தாரு. நான் கீறேன்னு அர்த்தமாம். மேஸ்திரி பேரு கூப்புட்டாக்கூட இப்பல்லாம் எங்காளுங்க இத்தான் சொல்றது. அந்தாளுக்கு ஒண்ணும் புரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அவர்தான் அம்சவள்ளியா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நான் யார் என்றும் சொல்லவில்லை.

பஸ் நின்றது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார். "ஏஸ்மிலாம் எறங்கும்மா, ஜல்தி ஜல்தி!"

ஏஸ்மி தன்மை ஒருமை வினைமுற்று. அதைப் பெயராக்கி, பன்மையாக்கி, முன்னிலையில் வைத்து விளிக்கிறார். எந்தப் பக்கம் திருப்பினாலும் தவறு. திருத்தத் தோன்றவில்லை. கூடை இடிக்காமல் ஒதுங்கி நின்றேன், ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

செல்வி